ஓவியத்துக்கு மதிப்பெண்: உருத்திரசன்மரின் கண்ணீரும் நக்கீரரின் நாவும்

மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டால் இன்ஜினீயரிங், சி.ஏ., பேங்க் பரீட்சை என்றுதான் பேச்சு ஓடும். ஓவியக் கல்லூரி என்று வாயைத் திறந்தால் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஆகிவிடும். அப்படியும் ஒரு தகப்பனார் துணிந்து தம் மகளைச் சேர்த்தார். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ரயில்வேயில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், படுக்கை விரிப்பில் சுற்றிய பெரிய கேன்வாஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இதுக்கு நூத்துக்கு அம்பத்திரண்டு போட்டிருக்காங்க. கணக்குல அம்பத்திரண்டுன்னா எந்தக் கணக்கு தப்புன்னு பாத்துக்கிடலாம். இதுல எங்க தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க. நீங்கதான் படம், சிற்பம்னு எழுதுதீங்கள்லா?"

பெண்ணிடம் திரும்பி, "உங்க சார் என்னம்மா சொன்னார்?" என்றேன்.

"கேட்டேன் அங்கிள். ஃபீல் பத்தலைன்னாரு. அவ்வளவுதான்."

விடியற்காலைக் குழாயடி. நீல டிரம்கள், வரிசையில் நிற்கும் பெண்கள், ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அதுதான் படம். அந்த ஐம்பத்திரண்டு சரியா, தவறா என்பதைப் பின்னால் பார்ப்போம். தகப்பனார் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. ஒரு கலைக் கல்லூரி மதிப்பெண் போடும்போது எதை அளக்கிறது? அளந்ததை மாணவனிடம் சொல்ல அது கடமைப்பட்டதா?

அளவுகோல் வந்த வழி

நம் நாட்டுக் கலைக் கல்லூரிகள் வெள்ளைக்காரன் காலத்துக் கைத்தொழில் பள்ளிகளாகப் பிறந்தவை. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850ல் தொடங்கிய பள்ளியும், மும்பையில் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கொடுத்த நன்கொடையில் 1857ல் எழுந்த ஜே.ஜே. கலைப்பள்ளியும் இவ்வகையில் முன்னோடிகள். லண்டன் சவுத் கென்சிங்டனில் 23 படிகளாக வகுத்த வரைகலைப் பாடத்திட்டத்தின் நிழல் இங்கெல்லாம் விழுந்தது. நேர்கோடு, வடிவியல், பூ வேலைப்பாடு, சுதை மாதிரியைப் பார்த்து வரைதல் என்று படிப்படியாக ஏற வேண்டும். மாதிரியைப் போலவே வந்திருக்கிறதா என்பதே அளவுகோல். அதில் ஒரு நேர்மை இருந்தது. மூக்கு கோணினால் கோணியதுதான். ஆசிரியரும் மாணவரும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளலாம்.

மராட்டிய மாநிலக் கலை இயக்ககம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளில் அந்த மரபின் சாயலை இன்றும் காணலாம். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், வடிவியல், எழுத்துரு என்று பாடங்கள். ஏ, பி, சி என்று தரங்கள். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமான சங்கதி.

ஆனால் அளவுகோல் என்பது கல்லில் வெட்டியதன்று. சென்னையில் பணியாற்றிய இ.பி. ஹாவெல் 1896ல் கல்கத்தா கலைப்பள்ளித் தலைமைக்குச் சென்றபின், ஐரோப்பிய மாதிரிகளை ஒதுக்கி இந்தியக் கலைக்கு முதலிடம் கொடுத்தார். மாணவர்களில் ஒரு பகுதியினரே அதை எதிர்த்தார்கள். நேற்றுவரை நல்ல மாணவன், இன்றைக்குப் பழைய பாணிக்காரன்! ஆள் மாறினால் அளவு மாறும் என்ற கதை அன்றே தொடங்கிவிட்டது.

மார்க்கே வேண்டாம் என்றால்?

இந்தச் சிக்கலை வேரோடு வெட்ட நினைத்தவர் தாகூர். கிளியைப் படிக்கவைக்கிறோம் என்று கூண்டையும் ஏட்டையும் பெருக்கிக் கடைசியில் கிளியையே கொன்றுவிடும் கதையை அவர் 1918ல் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு சாந்திநிகேதனில் கலாபவனம் தோன்றியது. நந்தலால் போஸின் தலைமையில் குருவோடு கூட இருந்து, பார்த்து, செய்து கற்பதே அங்கு முறை. வினோத் பிஹாரி முகர்ஜியும் ராம்கிங்கர் பைஜும் அப்படி உருவானவர்கள்தாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1951ல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதற்கு ஓராண்டு முன் பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் நுண்கலைக்கென ஒரு புலமே தொடங்கிப் பட்டப்படிப்புக்கு வழி செய்தது. பட்டம் என்று வந்துவிட்டால் மதிப்பெண்ணும் கூடவே வரும். இதில் நான் தாகூர் பக்கம் முழுமையாகச் சாய முடியாது. ரயில்வே ஊழியரின் மகளுக்கு உதவித்தொகை வேண்டும், மேல்படிப்புக்கு இடம் வேண்டும், பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலையாவது வேண்டும். மார்க் இல்லாத இடத்தில் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும். குருவின் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைக்காதவர்களுக்கு மதிப்பெண் பட்டியல்தான் திண்ணை. அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

ஊமைப் பிள்ளையின் தீர்ப்பு

இவ்விடத்தில் நம் இலக்கிய மரபு கைகொடுக்கிறது. இறையனார் களவியல் உரையில் வரும் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அறுபது நூற்பாவுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை எழுதினர். எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாதவன்; அவனைப் புலவர் நடுவே இருத்தி உரைகளைப் படித்தார்கள். மருதன் இளநாகனார் உரைக்கு ஆங்காங்கே கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைக்கோ பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. அதுவே தீர்ப்பாயிற்று.

கலைக்கு இதைவிடச் சிறந்த நடுவர் யார்? நல்ல ஓவியத்தின் முன்னால் முதலில் வருவது இந்தச் சிலிர்ப்புத்தான். கே. ராமானுஜம் வழக்கமான பாடமுறைக்குள் அடங்காத மாணவர். பட்டியல் போட்டு மார்க் கொடுத்திருந்தால் அவர் எங்கே நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கு அந்தக் கண் இருந்தது; அவரை ஆதரித்தார். பின்னர் 1966ல் தோன்றிய சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. 1973ல் இளம் வயதிலேயே மறைந்த ராமானுஜத்தின் கனவு மாளிகைகளை நாம் இன்று பார்க்க முடிவதற்கு அந்த ஆதரவும் ஒரு காரணம்.

ஆனால் உருத்திரசன்மரிடம் போய், "எங்கே குறை?" என்று இளநாகனார் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. முருகன் அவதாரம் என்று கருதப்பட்ட பிள்ளையிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. நம் கல்லூரித் தேர்வாளர்கள் முருகன் அவதாரம் அல்லர். "ஃபீல் பத்தலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈசலுக்கு நகர்ந்துவிடும் ஆசிரியர், உருத்திரசன்மரின் ஊமையை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணீரை விட்டுவிடுகிறார்.

அதே நக்கீரரைத் திருவிளையாடலில் பாருங்கள். தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் உண்டு என்கிறார். என்ன குற்றம் என்றும் சொல்கிறார்: கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறோம். நடத்த முடிவதே அவர் காரணத்தை வாய்விட்டுச் சொன்னதால்தான். எதிரே நின்றவர் வாதாட இடம் கிடைத்தது. தருமிக்கு இல்லாத வாதத் திறமை ஆண்டவனுக்கு இருந்தது, வந்து வாதாடினார். காரணம் சொல்லாமல் பொற்கிழியை மட்டும் மறுத்திருந்தால் தருமி அழுதுகொண்டே வீடு போயிருப்பான். நம் பிள்ளைகள் அப்படித்தான் வீடு வருகிறார்கள்.

கட்டம் கட்டிப் போடும் மார்க்

இதற்கு இன்று சொல்லப்படும் மருந்து, பட்டியல். அமைப்புக்கு இவ்வளவு, வண்ணத்துக்கு இவ்வளவு, நுட்பத்துக்கு இவ்வளவு, கருத்துக்கு இவ்வளவு. பல்கலைக்கழக மானியக் குழு 2015ல் வகுத்த பத்துப் புள்ளி முறையில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் என்றால் 9, பாஸ் என்றால் 4. இயற்பியலுக்கும் இதுதான், சிற்பத்துக்கும் இதுதான்.

பட்டியல் அறவே இல்லாததைவிட இருப்பது மேல். ஆயினும் அதிலும் பொல்லாப்பு உண்டு. கட்டம் கட்டிவிட்டால் பிள்ளைகள் கட்டத்துக்காகவே வரைவார்கள். எல்லாவற்றிலும் ஏழு வாங்கும் படம் ஒன்றும் சொல்லாத படமாக இருக்கலாம். ஒன்றில் பத்தும் மற்றதில் மூன்றும் வாங்கும் படம் உயிரோடு இருக்கலாம். கூட்டிப் பார்த்தால் முன்னது ஜெயித்துவிடும்.

"கருத்து" என்ற கட்டத்தில் இன்னொரு கொடுமை ஒளிந்திருக்கிறது. படத்தின் அருகே நின்று ஜூரியிடம் விளக்க வேண்டும். நுனிநாக்கு இங்கிலீஷ் உள்ள பிள்ளை சாதாரணப் படத்துக்கும் ஒரு தத்துவம் கட்டிவிடுகிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலோ மராத்திப் பள்ளியிலோ படித்து வந்த பிள்ளை வாயடைத்து நிற்கிறது. அங்கே கழிக்கப்படுவது ஓவியத்தின் மார்க் அல்ல, வீட்டுச் சூழ்நிலையின் மார்க். புலம்பெயர்ந்து வந்த நாம் இதைக் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது.

மதிப்பெண்ணே வராத இடம்

அளவுகோல் ஆசிரியர் கையிலாவது இருக்கிறதா என்றால், அதுவும் நிச்சயமில்லை. 2007 மே 9 அன்று பரோடா நுண்கலைப் புலத்தில் ஆண்டுத் தேர்வுக்காகப் படைப்புகளை வைத்திருந்தார்கள். வெளியார் உள்ளே நுழைந்து, முதுகலை மாணவர் ஒருவரின் படைப்புகள் சமய உணர்வைப் புண்படுத்துகின்றன என்று ஆட்சேபித்தார்கள். மாணவர் கைது செய்யப்பட்டார். தொடர்ந்து மாணவர்கள் வைத்த எதிர்ப்புக் கண்காட்சியை மூட மறுத்த பொறுப்பு டீன் பணியிடை நீக்கம் ஆனார். அந்த மாணவரின் தேர்வு முடிவு வெளிவராமலே ஆண்டுகள் ஓடின. 2018 பிப்ரவரியில், துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் மறுபடி கைதானார்.

தீ வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அந்தப் படைப்புகள் நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதும் வேறு விஷயம். தேர்வு மேசையில் வைத்த ஒன்றைத் தேர்வாளர் மதிப்பிட்டாக வேண்டும். வேண்டுமானால் பூஜ்யம் போடட்டும். ஏன் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்கட்டும். பதினோரு ஆண்டு வாய்மூடி இருப்பது எந்தக் கல்வித் தரத்தில் சேரும்? பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்று ஒருவனை நடுவாசலில் நிறுத்திவைப்பது குறைந்த மார்க்கைவிடக் கொடிய தண்டனை.

என்ன செய்யலாம்?

2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தம் திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஓவிய மாணவருக்கு இதனால் என்ன லாபம்? விடைத்தாள் அவர் வீட்டுச் சுவரில்தானே சாய்ந்து நிற்கிறது! கணக்குத் தாளில் சிவப்பு மை உண்டு. கேன்வாஸில் யாரும் சிவப்பு மை போடுவதில்லை. ஆகவே ஓவியத்தில் காட்டப்பட வேண்டியது தாளன்று, திருத்தியவரின் எண்ணம். ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் நான்கு வரி எழுதித் தரவேண்டும். எது நிற்கிறது, எது விழுகிறது, அடுத்து எதைப் பழக வேண்டும். இது ஒன்று.

இரண்டாவது, தேர்வாளரின் தகுதி. அரங்கேற்று காதையை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி ஆடுவதற்கு முன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்ன தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் அடுக்குகிறார். அரங்கை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளக்கிறார். அளக்கத் தக்கதை அளந்தார்கள். ஆடலைக் கோல்கொண்டு அளக்கவில்லை. தகுதியுடைய அவை பார்த்து மதித்தது, தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் கிடைத்தன. நம் கல்லூரிகளும் இந்தப் பாகுபாட்டைச் செய்யலாம். உருவ வரைவு, பொருள் வடிவம், அச்சு நுட்பம் ஆகியவற்றுக்குத் திட்டமான மதிப்பெண் போடலாம். சொந்தப் படைப்பை ஒருவர் கண்ணுக்கு விடாமல், வெவ்வேறு பாணியில் வேலை செய்யும் மூவராவது சேர்ந்து பார்த்து, கருத்து வேறுபட்டால் அதையும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது, விளக்கம் சொல்லும் மொழி மாணவரின் விருப்பம். கூடவே, கடைசிப் படத்தை மட்டும் பார்க்காமல் ஸ்கெட்ச் புக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

இனி அந்த ஐம்பத்திரண்டுக்கு வருவோம். படத்தை வெளிச்சத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். டிரம்களின் நீலம் அருமையாக வந்திருந்தது. பெண்களின் கைகள் மட்டும் எல்லாருக்கும் ஒரே கை. குடம் தூக்கும் கையும் சும்மா தொங்கும் கையும் ஒன்றுபோல இருந்தன; பாரம் தெரியவில்லை. என்னைக் கேட்டால் நானும் அறுபதுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன். அதை அப்படியே சொன்னேன். தகப்பனாருக்கு முகம் வாடிவிட்டது. பெண் முகம் வாடவில்லை. கேன்வாஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமா அங்கிள், வெயிட்டே இல்லை" என்றாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா பரீட்சைக்கு முன்னாடி நாலு நாள் குழாயடியில போய் ஸ்கெட்ச் போட்டிருப்பேனே."

அவள் கேட்டது கூடுதல் மார்க் அல்ல, காரணம். அதைக் கொடுக்காத கல்லூரி எத்தனை புள்ளி முறை கொண்டுவந்தாலும் தரம் என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாட முடியாது.