சேர்க்கை எண்ணும் வகுப்பறை உண்மையும்

உயர்கல்வியில் நாம் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஓர் எண் நம் முன் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது. 'மொத்தச் சேர்க்கை விகிதம்' என்பது அதன் பெயர். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இந்தியாவின் விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. நாடு முழுவதும் இதை 2035ஆம் ஆண்டுக்குள் 50 ஆக உயர்த்த வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த இலக்கு. அந்த இலக்கை நாம் இப்போதே ஏறத்தாழத் தொட்டுவிட்டோம் என்று மேடைகளில் பேசுகிறார்கள்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான்; ஐயமில்லை. ஆயினும் அறிவியல் படிக்கிற நாம் ஓர் அளவீட்டைக் கண்டவுடன் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. "எதைக் கொண்டு அளந்தார்கள்? எதை அளந்தார்கள்?" என்றும் கேட்க வேண்டும். திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப் பிழை பார்க்கிறோம் அல்லவா? அதே பழக்கத்தை இந்த எண்ணிடமும் காட்டுவோம்.

அளவுகோலைச் சோதிப்போம்

இந்த விகிதத்தைக் கணக்கிடும் முறை எளிது. உயர்கல்வி நிலையங்களில் பெயர் பதிவு செய்துள்ள மாணவர் அனைவரையும், வயது எதுவாயினும், கூட்டி எடுத்துக்கொள்வார்கள். அதை 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள் தொகையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். அவ்வளவுதான்.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 2019-20ஆம் ஆண்டுக்கு முதலில் வெளியான அகில இந்திய விகிதம் 27.1. அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே 2019-20ஆம் ஆண்டின் விகிதம் 25.6 என்று குறிப்பிடப்பட்டது. இடையில் மாணவர்கள் கல்லூரியை விட்டு ஓடிவிடவில்லை. முன்பு 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மதிப்பிட்டிருந்த வகுக்கும் எண்ணை, பின்பு 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மாற்றினார்கள். தமிழ்நாட்டுக்கும் 2019-20இல் 51.4 என்றுதான் முதலில் வெளியாயிற்று. ஆக, நாம் இலக்கைத் தாண்டினோமா இல்லையா என்பதே பகுதியில் உள்ள எண்ணைப் பொறுத்ததாகிவிட்டது!

அதற்காக இந்த எண்ணைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 2021-22இல் நாட்டின் மொத்த விகிதம் 28.4 ஆக இருக்கையில், பட்டியல் சாதியினரின் விகிதம் 25.9; பழங்குடியினரின் விகிதம் 21.2. இந்த இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டுவதும் இதே அளவுகோல்தான். கல்லூரி வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை அது ஓரளவு சரியாகவே சொல்கிறது.

வாசலுக்காக நம் மாநிலத்தில் நிறையவே செய்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வாசலைக் கடந்தபின் என்ன நடக்கிறது என்பதை எந்த எண்ணும் அளப்பதில்லை என்பதே என் குறை.

வாசலுக்கு உள்ளே

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டு நீங்கிய பிறகு, அது மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, அதன்மீது செயல்படும் விசை எது? காற்றின் தடையைப் புறக்கணித்துவிடுவோம். வாசகர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டுமே என்பது விடை. ஆனால், "கை கொடுத்த விசை மேல்நோக்கி இருக்கிறது, அது குறைந்துகொண்டே போய் உச்சியில் தீர்ந்துவிடுகிறது" என்றுதான் இளநிலை வகுப்புக்கு வரும் பலர் சொல்வார்கள். இது தமிழ் மாணவருக்கு மட்டும் உரிய பிழையன்று. அமெரிக்காவில் ஹெஸ்டனிஸ் முதலியோர் 1992இல் இத்தகைய கேள்விகளைத் தொகுத்து ஒரு தேர்வாக்கி வெளியிட்டபோது, அங்கும் மாணவர்களிடம் இதே எண்ணம் வேரூன்றியிருப்பது தெரிந்தது. நியூட்டனின் விதிகளைப் பிழையின்றி எழுதுகிறவர்களே பந்தைப் பற்றிக் கேட்டால் தடுமாறினார்கள்.

நம் மாணவருக்கு இதன்மேல் ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலும் தெருவிலும் 'விசையா நட' என்றால் விரைவாக நட என்று பொருள். 'வேகமாக அடித்தான்' என்றால் பலமாக அடித்தான் என்று பொருள். பேச்சுத் தமிழில் விசையும் வேகமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பாடநூலிலோ இரண்டும் வெவ்வேறு. இந்த முடிச்சை அவிழ்க்க, மாணவர் தம் சொந்தச் சொற்களில் பேச வேண்டும். அதை ஆசிரியர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், கல்லூரிக்கு வந்ததும் ஆங்கிலக் குறிப்பை எழுதி, மனப்பாடம் செய்து, அப்படியே திருப்பித் தருகிறார். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அவருக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. சேர்க்கை விகிதத்தில் அவரும் ஒருவராக எண்ணப்பட்டிருக்கிறார்.

கற்பிக்கும் முறையின் வலிமை

இதை மாற்ற முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 இயற்பியல் வகுப்புகளின், மொத்தம் 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார். தொடக்கத் தேர்வில் பெறாமல் விட்ட மதிப்பெண்ணில் எந்தப் பங்கை இறுதித் தேர்வில் மீட்டார்கள் என்பதே அவரது கணக்கு. ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் அந்தப் பங்கு சராசரியாக 0.23, மாணவர்கள் கேள்வி கேட்டு, தமக்குள் விவாதித்து, உடனுக்குடன் திருத்தம் பெறும் வகுப்புகளில் 0.48. ஏறத்தாழ இரு மடங்கு!

சமநீதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2020இல் வெளியான ஓர் ஆய்வில் இன்னும் தெளிவாயிற்று. தியோபால்டும் அவர் குழுவினரும் அமெரிக்க இளநிலை அறிவியல் வகுப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில், பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்கும் பிறருக்கும் இடையே உள்ள தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 விழுக்காடும், தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி அவ்வாறு நடந்தால்தான் இந்தப் பயன் கிட்டியது. பெயருக்கு ஒரு நாள் குழு விவாதம் வைத்தால் இடைவெளி குறையவில்லை.

ஆகவே ஆசிரியர் என்பவர் பாடத்திட்டத்தைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் அல்லர். சமவாய்ப்பு என்ற சொல்லுக்கு வகுப்பறையில் உயிர் கொடுப்பவர் அவரே.

அவருக்கு நேரம் எங்கே?

இங்குதான் கணக்கு இடிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முழுநேர ஆசிரியரின் பணி வாரத்துக்கு 40 மணி. உதவிப் பேராசிரியர் அதில் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். மீதி 24 மணியில்தான் ஆயத்தம், செய்முறைக் குறிப்பேடு திருத்தல், மாணவரைத் தனியே சந்தித்தல் எல்லாம். 40 மாணவர்களின் குறிப்பேட்டை ஆளுக்குப் பத்து நிமிடம் பார்த்தாலே 400 நிமிடம், அதாவது ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. முழுநேர ஆசிரியருக்கு இது இயலும்.

ஆனால் கௌரவ விரிவுரையாளர் நிலை என்ன? மானியக் குழு 2019இல் வகுத்த நெறியின்படி ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். வாரம் 16 மணி வீதம் நான்கு வாரத்துக்கு 64 மணி ஆகிறது. உச்சவரம்பை 64ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 780 ரூபாய்தான். தமிழக அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 2024இல் தரப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். மேலே சொன்ன கணக்குப்படி மணிக்கு 390 ரூபாய். தனியார் கல்லூரிகள் பலவற்றில் இதைவிடவும் குறைவு. மாலையில் தனிப்பயிற்சி நிலையத்துக்கு ஓடினால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் இருப்பவர், வகுப்பு முடிந்தபின் பந்தைப் பற்றிப் பேச நின்றுகொண்டிருப்பாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கௌரவம் பெயரில் மட்டும் இருந்தால் போதுமா?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் புரியாததை வெளியே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்குக் கல்லூரி ஆசிரியர் மட்டுமே கதி. அந்த 24 மணி நேரத்தை வெட்டுவதால் முதலில் நட்டப்படுபவர் அவரே.

எங்கள் பக்கத்துக் குறை

ஊதியத்தை மட்டும் சொல்லி ஆசிரியர்களாகிய நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. "இவர்களுக்கு ஆங்கிலமே வரவில்லை, இயற்பியல் எப்படி வரும்?" என்ற பேச்சு ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கிறது. மொழி வராததையும் அறிவு வராததையும் ஒன்றாக்குவது, நிறையையும் எடையையும் ஒன்றாக்குவது போன்ற பிழை. முதல் வரிசையில் அமர்ந்த நால்வரைப் பார்த்தே பாடம் நடத்தும் வழக்கமும் நம்மிடம் உண்டு. முழு ஊதியம் பெறுகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதற்குப் பதவி உயர்வு விதிகளும் துணை போகின்றன. வெளியிட்ட கட்டுரைகளை எண்ணலாம், புள்ளி போடலாம். ஒரு மாணவியின் மனத்தில் இருந்த தவறான கருத்து மாறியதற்குப் புள்ளி எங்கே? எண்ணப்படாத வேலை நாளடைவில் செய்யப்படாத வேலையாகிவிடும்.

இனி வேண்டுவது

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. முதலாவது, சேர்க்கை விகிதத்தோடு, சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை பேர் என்பதையும், பயிற்று மொழிவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் கல்லூரிகள் வெளியிட வேண்டும். இரண்டாவது, நிரந்தரப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தில் வகுப்புக்கு வெளியே உள்ள மணிகளையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது, செய்முறைக் கையேடுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட வேண்டும். வகுப்பில் தமிழில் கேள்வி கேட்பதைத் தகுதிக் குறைவாக நினைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

வாசகர்களே, உங்களில் பலர் அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்பவர்களாகவோ, பிள்ளைகளை அனுப்புபவர்களாகவோ இருப்பீர்கள். கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சேர விரும்பும் துறையில் எத்தனை பேர் நிரந்தர ஆசிரியர்கள், ஒரு நிறமாலைமானிக்கு எத்தனை மாணவர்கள், வகுப்பு முடிந்தபின் ஆசிரியரைச் சந்திக்க எந்த நேரம் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள். கேட்பவர் பெருகினால், இன்று எவரும் அளக்காததை நாளை அளந்தே தீரவேண்டிய நிலை வரும்.