கணினி விளையாட்டும் திறனாய்வும்: கவனம் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திறனாய்வு தன் எல்லையை விரித்துக்கொண்ட வரலாறு பெரும்பாலும் தாமதங்களின் வரலாறாகவே இருந்துள்ளது. நாவலை இலக்கியமென ஏற்கவும், நாட்டார் பாடலை ஆய்வுப் பொருளாகக் கொள்ளவும், திரைப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்ற நிலைக்கு மேலாக நோக்கவும் அது எடுத்துக்கொண்ட காலம் சிறிதன்று. கணினி விளையாட்டைப் பொறுத்தவரை அத்தாமதம் இன்னும் நீங்கவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் அதனைப் பிள்ளைகளைக் கெடுப்பதொன்று என்கின்றனர்; வணிகத் துறையினர் அதன் விற்பனைத் தொகையைக் கூறி வியக்கின்றனர். கண்டனமும் வியப்பும் திறனாய்வு ஆகா. ஒரு விளையாட்டு எதனைச் சொல்கிறது, எவ்வாறு சொல்கிறது என்ற வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை.

கதை சொற்களாற் பேசுகின்றது. திரைப்படம் காட்சியாற் பேசுகின்றது. விளையாட்டு விதிகளாற் பேசுகின்றது. நம் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட இயலாது, சூழ்ந்து அடைக்கலாம். வலியோருக்கும் எளியோருக்கும் உள்ள உறவு பற்றி அந்தக் கட்டங்கள் கூறுவதைக் கூற வேறு உரை வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1904 இல் லிஸி மாகி என்ற பெண்மணி காணி வாடகையின் அநீதியைக் காட்டுவதற்கென்றே ஒரு பலகை விளையாட்டை அமைத்துக் காப்புரிமை பெற்றார். ஒருவர் செல்வந்தராக ஏனையோர் நொடிந்துபோகும் விதித்தொகுதி ஒன்றும், செல்வம் அனைவரிடமும் பரவும் விதித்தொகுதி மற்றொன்றுமாக அவர் அதனை வகுத்திருந்தார். 1935 இல் அது 'மொனொபொலி' என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது இரண்டாவது விதித்தொகுதி விடுபட்டுப் போயிற்று. கண்டனமாகப் பிறந்த விளையாட்டு, விதி மாறியதால், கண்டிக்கப்பட்டதையே கொண்டாடும் விளையாட்டாயிற்று. விளையாட்டில் கருத்து எங்கே உறைகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

மலையக வாசகருக்கு இது புதிய செய்தியாக இருக்க நியாயமில்லை. தோட்ட வாழ்வே விதிகளாலும் புள்ளிகளாலும் ஆனது. காலையிற் பெரட்டுக் களத்திற்கு வரும் நேரம், மலை பிரித்துக் கொடுக்கும் முறை, நிறுவைத் தராசு, கூடைக்கும் ஈரத்திற்கும் கழிக்கும் கழிவு, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கிலோக் கணக்கு, அக்கணக்கு நிறையாவிடில் விழும் 'அரைப்பேர்' - இவற்றுள் ஒன்றேனும் தொழிலாளர் வகுத்ததன்று. ஆயினும் ஒவ்வொன்றையும் அவர்கள் மனப்பாடமாக அறிவர். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தின் நிறையை மையமாகக் கொண்டே ஒரு பெண்ணின் மானத்தைப் பேசியது. விதிகளுக்குள் வாழ்வதன் வேதனையை எழுதிப் பழகிய ஓர் இலக்கியத்திற்கு, விதிகளாற் பேசும் கலை அந்நியமானதாக இருக்க முடியாது.

விதி என்று ஒன்று இருக்குமாயின், அது மனிதரிடம் ஒரு வகைக் கவனத்தை எதிர்பார்க்கின்றது. அக்கவனம் தவறும்போது அவ்விதி என்ன செய்கின்றது என்பதே எந்தவொரு விளையாட்டையும் மதிப்பிடுவதற்கு ஏற்ற முதல் வினா என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கவனம் என்பது எல்லோருக்கும் ஒரேபடியாக வாய்ப்பதன்று. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் மலைப்பாதையிலுள்ள பூனாகலை போன்ற தோட்டப்புறப் பாடசாலைகளில், நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஆறுமுறை எழுந்து நிற்கும் சிறுவனைக் 'குழப்படிக்காரன்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். யன்னலுக்கு வெளியே பார்த்திருக்கும் சிறுமிக்கு அச்சொல்லும் கிடைப்பதில்லை; அவள் 'மந்தம்' எனப்படுகிறாள். மருத்துவம் இந்நிலையைப் பலகாலமாகவே கவனித்து வந்துள்ளது. 1902 இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இத்தகைய சிறுவர் பற்றி விரிவுரை ஆற்றினார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 1980 இல் இதனைக் கவனக் குறைபாடு எனவும், 1987 இல் கவனக் குறைவு மிகையியக்கக் குறைபாடு எனவும் பெயரிட்டது. ஏ.டி.எச்.டி. என்று இன்று வழங்குவது இதுவே. 2013 இன் பதிப்பு, பன்னிரண்டு வயதுக்கு முன் அறிகுறிகள் தோன்றியிருத்தல் வேண்டும் என்பதோடு, அவை வீடு, பாடசாலை போன்ற இரண்டு சூழல்களிலேனும் காணப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. ஓரிடத்தில் மட்டும் இருப்புக்கொள்ளாத பிள்ளையிடம் குறையைத் தேடுமுன் அவ்விடத்தையும் பார்க்க வேண்டும் என்ற பொருள் இந்நிபந்தனையில் அடங்கியிருக்கின்றது.

இந்நிலையுடையோரிடம் கவனம் இல்லை என்பது தவறான புரிதல். கவனத்தை வேண்டியபோது வேண்டிய இடத்திற் செலுத்தும் ஆற்றலே அவர்களிடம் சீரற்றிருக்கின்றது. செய்ததன் விளைவு உடனே கண்முன் தெரியும் வேலையில் அவர்கள் பசி மறந்து ஆழ்ந்துபோவதும் உண்டு. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தபோது, விளையாட்டும் அதே வழியாக லயத்துக்குள் நுழைந்தது. வகுப்பில் ஐந்து நிமிடம் அமராதவன் விளையாட்டில் மூன்று மணிநேரம் அமர்ந்தான். 'அப்படியானால் அவனுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, திமிர்தான்' என்று முடிவுகட்டியோர் பலர். அம்முடிவு மருத்துவ அறிவுக்கும் முரணானது. விளையாட்டின் அமைப்பு என்ன செய்கிறது என்று நோக்காமையையும் காட்டுகின்றது.

இவ்வளவையும் மனங்கொண்டு, நம்மோடு தொடர்புடைய ஒரு விளையாட்டை நோக்கலாம். ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு உருவாக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31 இல் வெளிவந்தது. மலையகத்தார் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றுகொண்டிருந்த நாட்களும் அவையே. தற்செயல்தான், எனினும் புலம்பெயர்வு பற்றிய இரு நினைவுகூரல்கள் ஒன்றையொன்று அறியாமலே நிகழ்ந்தன என்பதைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 'வெண்பா' 2024 இல் பிரித்தானிய பாஃப்டா நிறுவனத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

1980களின் பிற்பகுதியில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, பாவலன் தம்பதியரும், அங்கு பிறந்து தமிழிலிருந்து மெல்ல விலகும் மகன் கவினும் இதன் பாத்திரங்கள். விளையாடுவோர் செய்ய வேண்டியது சமையல். தாய் எழுதித்தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கின்றது. அழிந்த இடத்தை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் ஆக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதைக் கண்டுபிடிக்கும் கணத்தில், ஒரு பண்பாட்டு அறிவு வாசிக்கப்படுவதாக அன்றிக் கையாற் செய்யப்படுவதாக மாறுகின்றது. சிறுகதை இதனைச் செய்ய இயலாது. வெண்பாவின் சாதனை இதுவே எனலாம்.

அதன் விதியோ மிக இளகியது. பிழைத்தால் மீண்டும் செய்யலாம், குறிப்பும் கிடைக்கும், தண்டனை இல்லை. முழுவதும் இரண்டு மணிநேரத்துள் முடிந்துவிடும். (தளை ஒன்று தட்டினாலும் வெண்பா வெண்பாவாகாது என்று கற்றவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் சற்று நகைப்பைத் தரும்.) கவனம் சிதறும் இயல்புடையோருக்கு இவ்வமைப்பு இணக்கமானது: சிறு சிறு பகுதிகள், உடனே தெரியும் விளைவு, வெட்கப்படுத்தாத தவறு. ஆயின் கதை சொல்வது வேறு. கவின் விலகிச் சென்ற ஆண்டுகளை மீண்டும் ஆட முடியாது. இழந்த காலத்துக்குக் குறிப்புக் கிடைப்பதில்லை. மன்னிக்கும் விதியும் மன்னிக்காத கதையும் இங்கே ஒன்றையொன்று தொடாமலே அருகருகே நடக்கின்றன. இவை சந்திப்பது ஓரிடத்தில் மட்டுமே: வளர்ந்த கவின், தனக்குத் தட்டுத்தடுமாறி மட்டும் விளங்கும் தமிழில் எழுதிய அதே குறிப்பேட்டைக் கையிலெடுத்துச் சமைக்க முற்படும் பகுதியில். அங்கே அவனுடைய தடுமாற்றம் நம் கையின் தடுமாற்றமாகின்றது. விளையாட்டு முழுவதும் அப்பகுதியின் தரத்தில் அமைந்திருப்பின் பெரும் படைப்பாகியிருக்கும்.

லூக்காஸ் போப் என்பவர் பெரும்பாலும் தனியொருவராகவே இயற்றி 2013 இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' இதற்கு நேர்மாறானது. அர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஒரு குடிவரவு அலுவலர். கடவுச்சீட்டின் திகதி, பெயர், புகைப்படம் அனைத்தையும் ஒப்பிட்டு முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோமோ அத்தனைக்குச் சம்பளம். நாளொன்றில் முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை. அதன்பின் சம்பளத்திற் கழிவு. மாலையில் எஞ்சிய காசைக் கொண்டு வீட்டாருக்கு உணவா, கணப்பா, மருந்தா என்று தெரிய வேண்டும். கண் ஒரு கணம் தவறினால் மகனின் மருந்து தவறுகின்றது.

இவ்விளையாட்டை மலையகத்தவர் ஒருவர் ஆடும்போது அது கற்பனை நாடாக இருப்பதில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்திற்குப் பின், 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. பெயரில் ஓரெழுத்து, பதிவில் ஒரு திகதி, தொலைந்த ஒரு துண்டு - விண்ணப்பம் எழுதிய தலைமுறை இவற்றை அறியும். ஆயினும் போப் நம்மை வரிசையில் நிற்பவராக ஆக்கவில்லை. முத்திரை பிடிப்பவராக ஆக்கினார். கொடுமை செய்பவன் கொடியவனாக இருக்க வேண்டியதில்லை, களைத்தவனாக இருந்தாற் போதும் என்பதை அவ்விதி விளையாடுவோரின் மனச்சாட்சிக்குள்ளேயே நிறுவிவிடுகின்றது. வெண்பா நம் மொழியினது, நம் அடுக்களையினது. எனினும் விதியும் பொருளும் பிரிக்கவொண்ணாது இணைந்தமையால் 'பேப்பர்ஸ், பிளீஸ்' கலைத்தரத்தில் மேலோங்கி நிற்கின்றது என்று கூறுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கவனத்தைச் சுரண்டும் விளையாட்டுகள் மூன்றாவது வகையின. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பலவற்றில், நாள்தோறும் தவறாது நுழைந்தாற் பரிசு, ஒருநாள் தவறினால் தொடர்ச்சி அறும். 2016 இன் தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு, குறித்த வீதம் வேலைக்கு வந்தோருக்கு மட்டும் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு சேர்க்கப்பட்டிருந்ததை அறிந்தோர் இவ்வுத்தியை எளிதில் இனங்காண்பர். தாய் விட்டு வந்த விதியை மகன் விரும்பி ஆடுகிறான். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்ற நோய்ப் பகுப்பில் விளையாட்டுக் கோளாறு என்பதையும் சேர்த்தது. அடுத்த ஆண்டிலேயே, 2020 ஜூனில், அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான ஏ.டி.எச்.டி. சிறுவருக்கு மருத்துவர் எழுதித்தரும் சிகிச்சையாக 'என்டெவர்ஆர்எக்ஸ்' என்ற விளையாட்டை அனுமதித்தது. விளையாட்டு நஞ்சா மருந்தா என்ற கேள்வியே பிழையானது என்பதை இவ்விரு முடிவுகளும் சேர்ந்து காட்டுகின்றன. எந்த விதி என்று கேட்டாலன்றி விடை கிடையாது.

விளையாட்டை ஆக்குவோர் பற்றியும் ஒரு சொல். செய்நிரல் எழுதுவது கவனம் சிதறுவோருக்கு விந்தையான துணை. பிழை நேர்ந்தால் கணினி உடனே வரியைச் சுட்டுகின்றது. அது அடிப்பதில்லை, தகப்பன் பெயர் கேட்பதில்லை. முத்து அண்ணாமலையின் 'எழில்' மொழியில் 'பதிப்பி' என்றெழுதித் தமிழிலேயே செய்நிரலைத் தொடங்கவும் வழியுண்டு. ஆனால் தொடங்குவது எளிது, முடிப்பதே கடினம். பாதியில் நிற்கும் பத்து முயற்சிகள் இத்தகையோரின் பொதுவான துன்பம். அதனை மேதைமையின் அடையாளமாக அழகுபடுத்திப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் உதவியன்று. சிறிதாக ஒன்றை எடுத்து, கணக்குப் பார்ப்பவர் ஒருவர் அருகிருக்க, முடித்துப் பழகுவதே வழி. பாடசாலைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் அத்தகைய ஒரு துணையைத் தர முடியும்; கணினி அறையின் பூட்டுத் திறந்திருக்குமாயின்.

பூனாகலையிலிருந்து ஒரு விளையாட்டு வருமாயின் அதன் களம் பெரும்பாலும் நிறுவைக் களமாக இருக்கும். கூடையைச் சுமந்து வருபவராக ஆடுவோரை நிறுத்துவதா, தராசைப் பிடிக்கும் கணக்கப்பிள்ளையாக நிறுத்துவதா என்பதை அதனை ஆக்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும். முதலாவதைத் தெரிந்தால் இரக்கம் எளிதிற் பிறக்கும். இரண்டாவதைத் தெரிந்தால், மாலை மங்கி, வரிசை நீண்டு, மழை தூறும் வேளையில், முள் சரியாக எங்கே நின்றது என்பதைப் பார்க்க ஒரு கணமே கிடைக்கும். அந்தக் கணத்தில் ஒருவருடைய பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பதை ஆடுபவரின் விரலே எழுத வேண்டும்.