முதனூலும் வழிநூலும்: ‘போர்ட்டல் 2’ புதிர் விளையாட்டு பெற்ற பாராட்டு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

முன்னதன் வழியில் பின்னது எழுவதற்குத் தமிழ் மரபு இலக்கணம் வகுத்துள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. முதனூலின் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் உடன் கூறுவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. அவ்விலக்கணம் நூல்களுக்கே உரியதாயினும், தொடர்ச்சியாக வரும் எப்படைப்பையும் மதிப்பிட உதவும் அளவுகோலாகும். அவ்வளவுகோலைக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட ‘போர்ட்டல் 2’ என்னும் தன்னிலைப் பார்வைப் புதிர் விளையாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் விளையாட்டு

2007இல் வெளிவந்த ‘போர்ட்டல்’, வேறு விளையாட்டுகளோடு ஒரே தொகுப்பில் வழங்கப்பட்ட சிறிய படைப்பு. ஆடுபவர் கையிலுள்ள கருவி, இரு பரப்புகளில் வாயில்களைத் திறக்கும். ஒன்றில் நுழைந்தால் மற்றதன் வழியே வெளிவரலாம். நுழையும் வேகம் வெளிவரும்போதும் குறையாது. இவ்விரு விதிகளிலிருந்தே எல்லாப் புதிர்களும் பிறந்தன.

விரித்த முறை

தொடர்ச்சிக்கான தொடக்க முயற்சியில் வாயில்களையே கைவிட்டு வேறொரு விதியை வால்வ் நிறுவனத்தார் சோதித்தனர். சோதனையில் ஆடியோர் வாயில்களையே நாடியதால் மீண்டும் அவற்றுக்குத் திரும்பினர். முதனூலின் முடிபை விட்டு விலகிய ஒன்று வழிநூலாகாது என்பதற்கு இது தக்க சான்று. பின்னர் ஒளிப்பாலம், துள்ளச் செய்யும் களிமம், விரைந்தோடச் செய்யும் களிமம் முதலியன சேர்க்கப்பட்டன. இவை அனைத்தும் வாயில்களோடு இணைந்தே பயன் தருவன. ஆகவே இது ‘விரி’ என்னும் வகையைச் சாரும்.

விமர்சகர் பாராட்டு

திறனாய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் இவ்விளையாட்டு 100க்கு 95 பெற்றது. 2012இல் பிரித்தானிய அகாதெமியான பாஃப்டா, சிறந்த விளையாட்டு, வடிவமைப்பு, கதை ஆகிய மூன்று விருதுகளை வழங்கியது. எள்ளல் மிகுந்த உரையாடலும், கிளாடோஸ், வீட்லி என்னும் இயந்திரப் பாத்திரங்களுக்குக் குரல் தந்த எல்லன் மெக்லெய்ன், ஸ்டீபன் மெர்ச்சன்ட் ஆகியோரின் நடிப்பும் பெரிதும் பேசப்பட்டன.

இப்பாராட்டு தகுதியானதே, எனினும் கதையையும் புதிரையும் தனித்தனியே புகழ்வது இதன் சிறப்பை முழுமையாக வெளிப்படுத்தாது. நிலவுப்பாறைப் பொடி வாயில் திறக்க ஏற்ற பொருள் என்னும் செய்தி, நடுப்பகுதியில் பழைய ஒலிப்பதிவொன்றில் நகைச்சுவையாகக் கூறப்படுகிறது. அப்பொடி கலந்த வெண்களிமம் பூசிய இடமெல்லாம் வாயில் திறப்பதை ஆடுபவர் பழகுகிறார். இறுதிப் போராட்டத்தில் கூரை பிளந்து வானில் நிலவு தோன்றுகிறது. செய்ய வேண்டியதை எவரும் கூறுவதில்லை. ஆடுபவரே உணர்ந்து நிலவை நோக்கிக் கருவியை இயக்குகிறார். தென்மாவட்டங்களில் அழிப்பாங்கதை எனப்படும் விடுகதையில் விடை வினாவுக்குள்ளேயே மறைந்திருக்கும். அதே முறை இங்கும் அமைந்துள்ளது. கதையே குறிப்பாகவும், புதிரின் விடையே கதையின் முடிவாகவும் ஆகின்றன.

குறை

கைவிடப்பட்ட பழைய ஆய்வுக்கூடப் பகுதியில் சில இடங்கள் சிந்தனையைக் கோருவதில்லை. தொலைவிலுள்ள வெண்பரப்பைக் கண்ணால் தேடிக் கண்டடைவதே அங்கு வேலையாகிறது. தேடுதல் வேறு, தெளிதல் வேறு. பரப்பை விரித்தபோது முதல் விளையாட்டின் செறிவு இங்குத் தளர்ந்தது. பாராட்டுரைகள் இதற்கு உரிய அழுத்தம் தரவில்லை.

முடிவுரை

புதுமைகளின் எண்ணிக்கையால் ஒரு தொடர்ச்சி சிறப்பதில்லை. முதற்படைப்பின் விதியிலிருந்து அதுவரை காணாத விளைவை வருவிப்பதாலேயே சிறக்கிறது. அவ்வகையில் ‘போர்ட்டல் 2’ நல்ல வழிநூலுக்கு நிகரானது. நூல், உரை ஆகியவற்றுக்கு நம் முன்னோர் வகுத்த அளவுகோல்கள் புதிய கலைவடிவங்களையும் அளக்க வல்லவை. கணினி விளையாட்டுகள் குறித்த தமிழ்த் திறனாய்வு, கடன் வாங்கிய கலைச்சொற்களோடு நின்றுவிடாமல் இவ்வழியிலும் செல்லுதல் வேண்டும்.