பெயருக்கு முன் பதிவேடு

புதுக்கடை திறக்கப் புகுவோர் பலர், பெயரில் ஓரெழுத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று எண்கணிதக்காரர் வாயிலில் காத்து நிற்கக் காண்கிறோம். அதே பெயரில் அதே சரக்கை வேறொருவர் முன்பே விற்கிறாரா என்று பார்த்தனரா? அதுதான் இல்லை!

1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் கூட்டுத்தொகையைக் கேட்பதில்லை. முன்னவர் பெயரோடு மயங்குமா என்றே கேட்கிறது. எழுத்து மாறினும் ஒலி ஒன்றாயின் தொல்லைதான். பதிவு செய்யாதவராயினும், முன்பே வழங்கிப் பெயர் பெற்றவர் வழக்காடலாம். பலகையும் பைகளும் அச்சான பின் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால், வாங்கிய தட்சணையைத் திருப்பித் தருவாரோ கணிதர்?

சரக்கின் இயல்பை மட்டும் கூறும் பெயரும் எளிதில் பதிவாகாது. மிட்டாய்க்கு ‘இனிப்பு’ என்று பெயரிட்டு, அச்சொல் எனக்கே உரியது என்றால் ஊர் ஒப்புமோ? அதனாலன்றோ, 1888இல் ஈஸ்ட்மன் தம் புகைப்படக் கருவிக்குப் பொருளே இல்லாத ‘கோடாக்’ என்னும் சொல்லைப் புனைந்தார்!

பொருளோடும் புதுமை காட்டலாம். நம் கூட்டுறவுப் பாலின் ‘ஆவின்’ எனும் பெயரைக் காண்க. ஆ என்றால் பசு. ஆவின் என்றால் பசுவினது. பழஞ்சொல்தான், அங்காடிப் பேச்சில் அருகிவிட்டமையால் புதிதாய் ஒலிக்கிறது. மூன்றே எழுத்து, மழலையும் பிழையின்றிச் சொல்லும்.