பாலைப்பழம்

வைகாசி, ஆனி வெயிலில் இலங்கையின் வன்னிக் காட்டுக்குள் போனால் பாலை மரங்கள் மஞ்சள் பூத்து நிற்கும். பூவல்ல, பழம். சுண்டுவிரல் நுனியளவு, ஒரு பழத்துக்குப் பெரும்பாலும் ஒரே விதை. கோடரிக்கே சவால்விடும் வைரமேறிய மரம், இத்தனை மெல்லிய பழத்தை ஈனுவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஒவ்வொன்றாகத் தின்பவருக்கு இதன் அருமை தெரியாது. ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டு, விதைகளை நாக்கால் ஒதுக்கித் துப்ப வேண்டும். தேன் இனிப்பு, பின்னாலேயே பால் பிசுபிசுப்பு. உதடுகள் ஒட்டிக்கொள்ளும், பேச்சுக் குழறும். தேங்காய் எண்ணெய் தடவினால் விடும். அந்தப் பிசின் இல்லாவிட்டால் இது வெறும் சர்க்கரைதான் என்பேன்.

நன்கு கனிந்தது ஒருநாள் கூடத் தாங்காது, நசிந்து புளித்துவிடும். அதனால் காட்டோரமே இதற்குச் சந்தை. வில்பத்து, யால தேசியப் பூங்காக்களில் கரடிகள் மரமேறித் தின்னும் பருவமும் இதுவே. தனியே காட்டுக்குள் போகாதீர்கள்.

கிளையை வெட்டிச் சரித்துப் பழம் ஆய்பவர்களும் இருக்கிறார்கள். இலையோடும் கொப்போடும் விற்பவரிடம் வாங்காதீர்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம்.