எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?

1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், தோல் கறுத்து, மெலிந்து, சோர்ந்து இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்துதான் அவர்களுடைய அட்ரினல் சுரப்பிகள் அழிந்திருந்ததைக் கண்டார். இன்று அதே நோயை, ஆள் நடமாடும்போதே சில மில்லி ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. நடைமுறையில் இதைக் கையாளும் விதம்தான் அந்த வெற்றிக்கு ஈடாக இல்லை.

முதலில் பலம். காலை எட்டு மணி வாக்கில் எடுத்த ரத்தத்தில், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை ஏறக்குறைய உறுதி. 15-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. கூடவே, அட்ரினலைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் ஏ.சி.டி.எச். அளவையும் பார்த்தால் பழுது எங்கே என்பதும் தெரியும். கார்டிசால் குறைந்து ஏ.சி.டி.எச். எகிறியிருந்தால் கோளாறு அட்ரினலில். இரண்டுமே குறைந்திருந்தால் பிட்யூட்டரியில், அல்லது நாள்பட எடுத்த ஸ்டீராய்டில். ஸ்கேன் சுரப்பியின் உருவத்தைத்தான் காட்டும்; அது வேலை செய்கிறதா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

ஆனால் கார்டிசால் விடியலில் ஏறி நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும் ஹார்மோன். மாலையில் எடுத்த ரத்தத்தில் 4 என்று வந்தால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை, இயல்பாகவே இருக்கலாம். கார்டிசால் மிகையாகும் குஷிங் நோயிலோ காலை அளவு தனியாக எதையும் நிரூபிக்காது. அந்நேரத்தில் எல்லோருக்கும் அது உயர்ந்துதான் இருக்கும். அதனால்தான் இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து, மறுநாள் காலை கார்டிசால் 1.8-க்குக் கீழே அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பற்றாக்குறைச் சந்தேகத்தில் காலை அளவு 3-க்கும் 15-க்கும் இடைப்பட்டவர்களுக்கு ஏ.சி.டி.எச். ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிப் பார்க்க வேண்டும். அதற்குரிய சினாக்தென் ஊசி இந்தியாவில் எளிதில் கிடைக்காததால், ஆக்டான் புரோலாங்கேட்டம் ஊசியைக் கொண்டு நம் மருத்துவர்கள் சமாளிக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் மருந்து. கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுவதால், மொத்த அளவு பொய்யாக உயரும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பல கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிவிடும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை, தோலுக்குப் பூசும் களிம்பு, ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாமே, ஸ்டீராய்டு கலந்திருந்தால், சுரப்பியை உறங்கவைக்கக்கூடியவை. ரத்தம் எடுக்கும் இடத்தில் இதையெல்லாம் கேட்பவர் அரிது.

மூன்றாவது, அளக்கும் முறை. தூண்டல் சோதனையில் 18-ஐத் தாண்டினால் நலம் என்ற வரம்பு பழைய கருவிகளை வைத்து வகுத்தது. கார்டிசாலை மட்டும் துல்லியமாகப் பிரித்தறியும் புதிய முறைகளில் அளவு குறைவாகவே வரும். அங்கே 14, 15 கூடப் போதுமானது. பழைய வரம்பையே பிடித்துக்கொண்டால் நலமானவரும் வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு விழுங்க நேரும்.

அட்ரினல் சோதனைகள் தேவையற்ற இடத்தில் விற்கப்படுவதும் தேவையான இடத்தில் மறக்கப்படுவதும் ஒருசேர நடக்கின்றன. நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்காத ‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயரில் சோர்ந்தவர்களுக்கெல்லாம் கார்டிசால் பார்க்கப்படுகிறது. மறுபுறம், 1955-இல் ஜெரோம் கான் விவரித்த, அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் மிகையால் வரும் ரத்த அழுத்தம் பலரிடம் கண்டறியப்படாமலே கிடக்கிறது. ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம் என்ற ஒரே ரத்தப் பரிசோதனை அதை வெளிக்கொணரும். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, ரத்த அழுத்தமுள்ள எல்லோருக்கும் இதைச் செய்யலாம் என்று 2025-இல் பரிந்துரைத்தது.

முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. கார்டிசால் பற்றாக்குறை உயிருக்கே ஆபத்தாகும் அட்ரினல் நெருக்கடியில் ரத்தம் எடுத்த கையோடு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும். ரிப்போர்ட் பிறகு வரட்டும்.

ஆக, குறை வேதியியலில் இல்லை. கேள்வி இல்லாமல் சோதனை எழுதுவதில் இருக்கிறது. எதைச் சந்தேகிக்கிறோம், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தோம், நோயாளி என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பவை பரிசோதனைச் சீட்டில் கட்டாயமாக வேண்டும். எந்த முறையில் அளந்தோம் என்பது ரிப்போர்ட்டில் வேண்டும். இவை இல்லாத கார்டிசால் எண்ணை நம்பி ஸ்டீராய்டைத் தொடங்குவதும் தவறு, நிறுத்துவதும் தவறு.