குழம்புக்குள் ஒரு வடகம், சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு வடகம்

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் பங்குனி வெயில் ஏறினால் சின்ன வெங்காயம் இரண்டாகப் பிரியும். கழுத்து காய்ந்து தோல் இறுகியது சேமிப்புப் பட்டறைக்குப் போகும். கழுத்து தடித்தது, தோலுரிந்தது, களைக்கொத்து பட்டது எல்லாம் பட்டறையில் தாங்காது. அது அடுப்படிக்கு வரும், வடகமாகும். ஏறக்குறைய அதே நாட்களில் யாழ்ப்பாணத்து முற்றங்களில் வேப்பமரத்தடியில் துணி விரிக்கிறார்கள். உதிர்கிற பூவை மண் படாமல் சேர்த்தெடுப்பதற்காக. அதுவும் வடகத்துக்குத்தான்.

இரண்டும் வெயிலில் காய்கின்றன, இரண்டிலும் உளுந்தும் சின்ன வெங்காயமும் உண்டு, இரண்டையும் வடகம் என்றே சொல்கிறோம். ஆனால் சமையலில் அவற்றின் வேலை வேறு. இங்கே அது தாளிப்புச் சரக்கு. சமையலின் தொடக்கத்திலோ முடிவிலோ எண்ணெயில் விழுந்து, குழம்போடு குழம்பாகிவிடும். அங்கே அது பொரியல் வகை. எல்லாம் வெந்து முடிந்தபின் பொரிபட்டு, சோற்றுக்குப் பக்கத்தில் தனியாக உட்காரும். ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால், இரண்டு ஊர்களும் தங்கள் அடுப்பை எப்படி நடத்துகின்றன என்பது விளங்கும்.

மண்ணும் வெங்காயமும்

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. நிர்வாகம் பிரிந்தாலும் சமையல் பிரியவில்லை. கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர்ப் பக்கம் நெல் விளைந்தாலும், உள்ளே வர வர மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனமும்தான். செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் சின்ன வெங்காயம் பேர்போன பயிர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த செம்மண்ணில், கிணற்று நீரை நம்பித்தான் அங்கேயும் சின்ன வெங்காயம் விளைகிறது. அரியலூரின் அடியில் கிடப்பதும் சுண்ணாம்புக்கல்தான். குடாநாட்டின் காங்கேசன்துறையில் 1950இலும் அரியலூரில் 1979இலும் அரசு சிமெண்ட் ஆலைகள் எழுந்தது அதனால்தான்.

இரண்டு ஊரிலும் வெங்காயம் காயிலிருந்தே முளைக்கிறது. அடுத்த நடவுக்கு விதைக்காயை வீட்டில் காப்பாற்றியாக வேண்டும். எங்கள் பக்கம் தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய, நாற்புறமும் காற்றுப் புகும் பட்டறையில் கொட்டி வைப்பார்கள். அங்கே தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிடுவார்கள். எப்படி வைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் ஒரு பங்கு அழுகும் அல்லது முளைத்துவிடும். சின்ன வெங்காயத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கோடை வெயிலிலேயே போக்கிவிட்டால் மழைக்காலத்துக்குக் கவலையில்லை. வடகத்தின் அடிப்படை யோசனை இதுதான்.

இங்கே: இடித்து, ஊறி, உருண்டு

உரித்த வெங்காயம் 1 கிலோ என்றால் பூண்டு 200 கிராம், உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகமும் வெந்தயமும் 25 கிராம் வீதம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மஞ்சள்தூள், கல்லுப்பு. இது வீட்டுக்கு வீடு மாறும். மாறாத விதி ஒன்றுதான்: வெங்காயத்தை அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அரைத்தால் கூழாகிப் பிசுபிசுக்கும். இடித்தால் நார் நாராக நிற்கும், எண்ணெயில் விழும்போது அந்த நார்தான் பொரியும்.

எல்லாவற்றையும் பிசறி ஓர் இரவு சட்டியில் மூடி வைத்தால் மறுநாள் காலை நீர் விட்டிருக்கும். பிழிந்து உருட்டி மாடியில் வெள்ளைத் துணியில் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்து மறுபடி அதே நீரில் போட்டுப் பிசற வேண்டும். நீர் முழுவதும் உள்ளே இழுபடும்வரை இரண்டு மூன்று நாள் இப்படி. அதற்குள் லேசாகப் புளித்து, வாசனை தெருமுனைவரை போகும். அதன்பிறகு உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வோர் உருண்டையையும் இறுக்கிப் பிடித்து வாரம் பத்து நாள் காயவிடுவது. விளக்கெண்ணெய் பூச்சி வராமல் காக்கும், உருண்டை உதிராமல் பிடிக்கும். பானையில் போட்டால் கல் மாதிரி கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். அப்படிக் காய்ந்தது ஒரு வருடம் கெடாது.

நெல்லிக்காயளவு கிள்ளி, காய்ந்த நல்லெண்ணெயில் உதிர்த்துப் பாருங்கள். முதலில் கடுகு வெடிக்கும், உளுந்து சிவக்கும், வெங்காய நார் கருத்துச் சுருளும். வெந்தயம் கருகுவதற்குள் புளிக்கரைசலை ஊற்றிவிட வேண்டும். கருவாட்டுக் குழம்போ வற்றல் குழம்போ, கடைந்த கீரையோ, வேறு தாளிப்பு எதுவும் தேவையில்லை. தேங்காயும் மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்தால் வடகத் துவையலும் ஆகும்.

அங்கே: பூவும் உழுந்தும்

யாழ்ப்பாணத்து வடகத்தின் நாயகன் வேப்பம்பூ. சேர்த்த பூவைச் சுளகில் போட்டுப் புடைத்து, காம்பும் தூசியும் நீக்கிக் கழுவுவார்கள். ஊறிய உழுந்தைக் கெட்டியாக அரைத்து, பூவோடு பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துக் குழைத்து, சின்னச் சின்னத் தட்டைகளாகத் தட்டி வெயிலில் வைப்பார்கள். இங்கே போல நாள்கணக்கில் ஊறி நீர்விட்டுப் புளிப்பது கிடையாது, விளக்கெண்ணெயும் கிடையாது. தட்டையாக இருப்பதால் நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பிறகு காற்றுப் புகாத தகரப்பேணியில் அடைத்தால் மாரிகாலம்வரை தாங்கும்.

பொரிக்கும்போது சூடு மிதமாக இருக்க வேண்டும். அதிகச் சூட்டில் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சரியாகப் பொரிந்தால் வேம்பின் கசப்பு பாதிக்குமேல் அடங்கி, நாக்கின் ஓரத்தில் ஒரு சுவடாக மட்டும் மிஞ்சும். விரத நாட்களின் சைவச் சாப்பாட்டில் பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்க் குழம்பு என எல்லாமே மெத்தென்று இருக்கையில், கடிபடுவதற்கு இந்த வடகம் வேண்டும்.

ஒரே பெயருக்கு ஏன் இரு வேலை?

என் கணிப்பில் விடை மிளகாய்த்தூளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகள் வருடத்துக்கான மணத்தைத் தூளில் சேமிக்கின்றன. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்த தூள் அது. கறிக்குச் செறிவு தேங்காய்ப்பாலில் வந்துவிடுகிறது. மணமும் செறிவும் முன்பே அமைந்துவிட்ட அடுப்பில் வடகத்துக்கு மிஞ்சிய வேலை மொறுமொறுப்பு மட்டும்தான்.

எங்கள் மானாவாரி ஊர்களில் தேங்காய் தாராளமாகப் புழங்கவில்லை. குழம்பு புளியில் நின்றது. காட்டு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்கு வெங்காயம் உரித்து வதக்க நேரமும் இல்லை. ஆகவே வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் ஒரு கிள்ளில் வந்து விழும்படி கோடையிலேயே செய்துவைத்தாள். கோடையின் பத்து நாள் உழைப்பு, வருடம் முழுவதும் ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்குக் கால்மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தது. இதைப் பாட்டி காலத்துச் சுவை என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது அவளுடைய திட்டமிடலைக் குறைத்து மதிப்பது.

அங்கே வடகம் இன்னொரு வேலையையும் ஏற்றது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுப் போனவர்களுக்கு மிளகாய்த்தூளோடு பொதியில் போன பண்டங்களில் அதுவும் ஒன்று. இன்று டொரண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க்கடைகளில் வேப்பம்பூ வடகம் பொட்டலமாகக் கிடைக்கிறது. எங்கள் வெங்காய வடகம் அந்த அளவுக்கு வெளியே போகவில்லை. மகளிர் குழுக்கள் செய்து விற்பதுண்டு. ஆனாலும் பெரும்பாலும் மாமியார் வீட்டிலிருந்தோ அம்மா வீட்டிலிருந்தோ ஒரு டப்பாவாக வந்து சேர்வதுதான் வழக்கம்.

கொடுக்கல் வாங்கல்

இரண்டு ஊரும் ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் வேப்பமரம் இல்லாத தெரு அரிது. சித்திரைப் பிறப்புக்குப் பச்சடியும், பிறகு சில நாள் ரசமும் வைத்துவிட்டு மீதிப் பூவைக் கூட்டித் தள்ளுகிறோம். அந்தப் பூவை உளுந்தோடு தட்டிக் காயவைக்கத் தனிச் செலவே இல்லை. யாழ்ப்பாணத்து அடுப்புக்கு எங்கள் உருண்டை வடகம் கீரைக்கும் மீன்குழம்புக்கும் நன்றாகப் பொருந்தும். விலை சரிந்து வெங்காயம் தேங்கும் பருவத்தில் வீட்டளவிலாவது வீணாகாது.

மாடி இல்லாதவர்களும் செய்யலாம். கால் கிலோ வெங்காயத்துக்கு ஒரு தட்டும், நான்கு மணி நேரம் வெயில் விழும் ஒரு சன்னலும் போதும். நாள் சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் அவசியம்: தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது முதல்முறை செய்யுங்கள். நீர் இழுத்தது போதுமா, உருண்டை பிடிக்கும் பதம் வந்ததா என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளைகளையும், ஆண் பெண் பார்க்காமல், உரலடியில் உட்கார வையுங்கள். அளவை எழுதிவைத்துக்கொள்ளலாம், பதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்க முடியும்.